உள்ளே போக மறுத்த காற்று

எல்லாரும் அவரைப் பராக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேனில் இருக்கும் வாண்டுகளே "மாமா, பச்சை!" என்று கத்தி அவரைத் தரையிறக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு பந்தயக் கார் இருந்தது. பழைய சின்னக் கார்தான். அதில் பெரிய என்ஜினைப் பொருத்தி, டர்போவும் மாட்டியிருந்தார். பந்தயத் தடத்தில் இரண்டு சுற்று சிட்டாய்ப் பறக்கும். மூன்றாவது சுற்றில் வெப்ப முள் சிவப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆவி பீறிட ஓரங்கட்டி நிற்பார். "டீ போட வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள் மற்ற ஓட்டுநர்கள்.

ரேடியேட்டர் கடை வைத்திருந்த மச்சான், கடையில் இருந்ததிலேயே தடிமனான ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதப் போடுங்க மாப்ளே. எரிமலையே ஆறிடும்."

போட்டார்கள். இப்போது இரண்டாவது சுற்றிலேயே கொதித்தது. மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை.

அதன்பிறகு பராக்கு கொட்டகையில் காரின் மூக்குக்கு நேரே மல்லாந்து படுத்துக் கிடப்பது வழக்கமாயிற்று. தான்தான் காற்று என்று நினைத்துக்கொள்வார். முன்வாயில் நுழைவார். எதிரே இடைவெளியே இல்லாமல் ரேடியேட்டர் தகடுகள். பக்கத்திலோ கை நுழையும் அளவு சந்து. நானாக இருந்தால் எந்த வழியாகப் போவேன்?

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று எட்டிப்பார்த்தாள் மனைவி.

"இல்ல, காத்தா இருக்கேன். உன்கிட்ட கம்பளி நூல் இருக்கா?"

விடுமுறை நாள் காலையில், பனி விலகாத வெறிச்சோடிய சாலையில், மச்சான் வேனை ஓட்டினார். பின்னால் மனைவி காரை ஓட்டிவந்தாள். அந்தக் காரை அவள் முதன்முதலாகத் தொட்டது அன்றுதான். வேனின் பின்கண்ணாடி வழியே பராக்கு பார்த்துக்கொண்டே வந்தார். காரின் முன்வாயைச் சுற்றி ஒட்டிய சிவப்பு நூல்கள் மீனின் மீசையைப்போல அசைந்தன. வேகம் கூடக் கூட, உள்ளே இழுபட வேண்டிய நூல்கள் வெளியே வளைந்து பக்கவாட்டில் படபடத்தன. காற்று வாசல்வரை வந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்த அழகில் மயங்கி, வந்த காரியத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டார்.

"மச்சான், தடிமன் வேணாம். மெலிசா, ஆனா அகலமா, தகடு கொஞ்சம் விலகினதா ஒண்ணு குடுங்க. பக்கத்துச் சந்தெல்லாம் அடைச்சிடலாம்."

மெல்லிய ரேடியேட்டரை மாட்டி, அலுமினியத் தகடு வெட்டிப் பக்கங்களை அடைத்தார்கள். விசிறிக்கு, ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற கூண்டு செய்தார்கள். மறுபடி நூல் ஒட்டிப் பார்த்தபோது அத்தனையும் ஒன்றுபோல உள்ளே பாய்ந்தன.

பந்தயத் தடத்துக்கு மறுபடி போன அன்று மனைவி கேட்டாள். "நான் ஒரு ரவுண்டு போகட்டுமா?"

சாவியைக் கொடுத்தார். மூன்றாவது சுற்று போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. ஆவியைக் காணோம். வேலியோரம் நின்ற மச்சான் பதறினார். "என்ன மாப்ளே, நிறுத்தவே மாட்டேங்கிறா?"

ஒரு வழியாக வந்து நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் முழுக்க வேர்வை, கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "முள்ளு நடுவுலயே நிக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிட்டு வரவா?"

வேகத்தில் தனக்கு எப்போதுமே பெரிய ஆசை இருந்ததில்லை என்பது பராக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு பந்தயங்களில் அவள்தான் ஓட்டினாள். அவர் புல்லில் சாய்ந்துகொண்டு, வளைவில் சிறுத்து மறையும் அந்தக் காரைப் பார்த்தபடி கிடந்தார்.