மதிலில் காக்கா, உலையில் அரிசி

என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குப் பறவை பார்ப்பது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்மாய் கண்மாயாகக் கிளம்பிவிடுவார். ஒருநாள் காபி குடிக்க வந்தவர், "சின்ன வயசுல நீங்க பாத்ததுல மறக்க முடியாத பறவை எது மேடம்?" என்று கேட்டார். அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "காக்கா" என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். காபி குடிக்க வந்தவரிடம் என்னத்தைச் சொல்வது?

எங்கள் வீட்டில் யாரும் பறவையை ரசித்துப் பார்த்தது கிடையாது. அது என்ன சேதி கொண்டு வந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம். செம்போத்து குறுக்கே போனால் அன்றைக்குப் போகிற காரியம் ஆகும். வானத்தில் கருடனைக் கண்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் பின்னால் வயலில் ஆட்காட்டி கத்தினால் வரப்பில் யாரோ வருகிறார்கள். காலையில் காக்கா மதிலில் உட்கார்ந்து விடாமல் கரைந்தால் வீட்டுக்கு ஆள் வரும், உலையில் ஒரு கை அரிசி கூடப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. எங்கள் வீட்டில் மட்டும் அது வேறு மாதிரி ஆகிப்போனது.

எழுபதுகளின் கடைசி. மதுரைக்குப் பக்கத்தில் பரவை என்ற ஊரில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. அப்பா மதுரையில் ஒரு மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்ட அண்ணன் பாதியில் நின்றுவிட்டு, அதை வீட்டில் சொல்லாமல் தினமும் சோத்து டப்பாவோடு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்த அன்று அப்பா டீக்கடைக்கே போய், அம்புட்டுப் பேர் முன்னால் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தலையைப் படிய வாரிக்கொண்டு, "திருப்பரங்குன்றம் வரைக்கும் போயிட்டு வாரேம்மா" என்றான். "வெயில் ஏறுமுன்ன வந்துருடா" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. அவன் வரவில்லை.

தேடாத இடம் இல்லை. சொந்தக்காரர்கள் வீடு, சிநேகிதக்காரர்கள் வீடு, ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, மெட்ராஸில் தூரத்துச் சித்தப்பா வரைக்கும் சொல்லிவிட்டார்கள். போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அம்மாவும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. "வாரேன்னு சொல்லிட்டுத்தான போயிருக்கான், வருவான்" என்று சொல்லி அம்மா தன் வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, மதிலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தியது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். காக்கா பறந்து போய்விட்டது. திரும்பி வந்து பானையில் ஒரு கை அரிசி கூடப் போட்டாள். "பஸ் வர்ற நேரம், ரோட்டுப் பக்கம் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள். நான் நின்று பார்த்தேன். திண்டுக்கல் பஸ் வந்தது, சோழவந்தான் பஸ் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள்.

மிஞ்சின சோற்றை என்ன செய்வது? அம்மா அதை மதிலில் வைத்தாள். காக்கா வந்து தின்றது. மறுநாளும் வந்தது. சோறு கிடைக்கிற இடத்துக்கு வராமல் இருக்குமா? வந்தால் சும்மா இருக்குமா? கத்தியது. கத்தினால் அம்மா அரிசி கூடப் போட்டாள், அது மிஞ்சியது, மிஞ்சியது மதிலுக்குப் போனது. பத்தாவது படிக்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது மதிலில் அது உட்கார்ந்திருக்கும். தலையைச் சாய்த்து, வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அது பார்ப்பதாக எனக்குத் தோன்றும். கல்லெடுத்து எறியவும் பயம். அவன் சேதியை உண்மையிலேயே அது கொண்டு வந்திருந்தால்?

அந்தக் கோடையில் ஒருநாள் பால்காரர் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க் கரை மேலே, நேற்றிலிருந்து பிணந்தின்னிக் கழுகு வட்டமடிக்கிறதாம். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. அவர் கேட்டதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "வாடிப்பட்டில ஒரு ஆளப் பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "அவரு மொகமே சரியில்ல, நீயும் கூடப் போ ஆத்தா" என்று என் காதில் சொன்னாள்.

கேரியரில் உட்கார்ந்து போனேன். ரோடு முழுக்க அப்பா மூச்சுப் பிடித்து மிதித்தார். எதிர்க்காற்று வேறு. அவர் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிப்போயிருந்தது. மண்பாதையில் திரும்பினதுமே தெரிந்தது. வானத்தில் பெரிசு பெரிசாக, சிறகை அசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கினால் வேறொன்று ஏறியது. கரைக்குக் கீழே வந்ததும் அப்பா சைக்கிளை நிறுத்தி, "நீ இங்கனயே நில்லு" என்றார். நான் நிற்கவில்லை. அவர் பின்னாலேயே கரை ஏறினேன்.

தண்ணீர் வற்றிய கண்மாயில் கழுகுகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. முடியில்லாத நீளக் கழுத்து. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, உஸ் உஸ்ஸென்று சீறிக்கொண்டு, நடுவில் எதையோ இழுத்தன. என்ன என்று தெரியவில்லை. அப்பா கல்லை எடுத்து வீசினார். அவை ஓடி ஓடித்தான் எழும்பின. அந்தச் சிறகுச் சத்தம் இன்றைக்கும் சில சமயம், மொட்டை மாடியில் ஈரப் போர்வையை யாராவது உதறினால்கூட எனக்குக் கேட்டுவிடும். அவை விலகிய இடத்தில் கொம்பு தெரிந்தது. செத்த மாடு.

"மாடுத்தா! மாடுதான்!" என்று அப்பா கத்தினார். அப்படியே கரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பா அது! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாடு செத்ததற்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம்.

புளிய மரத்தடியில் ஓர் ஆள் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எம் மாடு பாம்பு கடிச்சு செத்துக் கெடக்கு. ஒனக்குச் சிரிப்பாய்யா இருக்கு?" என்றார். அடிக்கத்தான் வந்திருப்பார். அப்பா எழுந்து கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே. எம் பயலக் காணோம். கழுகு சுத்துதுன்னாக. அவந்தானோன்னு வந்தேன்." அந்த ஆள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மரத்தடிக்குப் போய்த் தூக்குச் சட்டியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். உள்ளே பழைய சோற்று நீச்சத்தண்ணி இருந்தது. "குடி ஆத்தா. அப்பாவுக்கும் குடு. வந்துருவான், போங்க" என்றார். அவர் மாடு அங்கே கிடந்தது. கழுகுகள் மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தன.

இப்போது அந்தக் கழுகுகளே எங்கள் பக்கத்தில் இல்லை, அழிந்துபோய்விட்டன என்கிறார்கள். நல்லதாப் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அவை ஒரு பாவமும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நாளோடு அப்பாவுக்குப் பறவை சொல்லும் சேதியெல்லாம் விட்டுப்போனது. அம்மாவுக்கு ஏறிக்கொண்டே போனது. ஆட்காட்டி கத்தினால் வரப்புக்கு ஓடுவாள். அங்கே புல்லறுக்க வந்த பொம்பளைதான் நிற்பாள். மதில் காக்கா கத்திய நாட்களில் ஆட்கள் வரத்தான் வந்தார்கள். மார்க்கெட் ஊரில் ஆள் வராமல் இருக்குமா? கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள், இன்ஷூரன்ஸ்காரர், அப்பாவின் அக்காவான என் அத்தை. படல் திறக்கிற சத்தம் கேட்டதும் அம்மா ஓடி வருவாள். வந்தவர் முகத்தைப் பார்ப்பாள். உடனே கண் நிரம்பிவிடும். பிறகு கையைப் பிடித்து உட்கார வைத்து வயிறாரச் சாப்பாடு போடுவாள். "அந்த வீட்டுக்குப் போனா மொகத்தப் பாத்ததுமே அழுகுறாப்பா" என்று சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வரத்து குறைந்தது. காக்கா மட்டும் குறையவில்லை.

ஒருநாள் அப்பா பொறுக்க முடியாமல் கத்திவிட்டார். "நீ சோறு வைக்கிறதாலதான்டி அது வருது! அது கத்துறதாலதான் நீ வைக்கிற! கிறுக்குப் பிடிச்சுப் போச்சா ஒனக்கு?"

அம்மா மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். வரட்டும். இந்த வீட்டுக்கு வர்றதுக்கு அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

தெரியுமாம்! அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

என் கல்யாணம் முடிந்த மறு வருஷம் அப்பா இறந்தார். மில்லிலிருந்து வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். கொள்ளி வைக்க மகன் இல்லை. சித்தப்பா மகன்தான் வைத்தான். பாடையைத் தூக்குகிற நேரத்தில்கூட அம்மா ரோட்டுப் பக்கம்தான் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களில் அமாவாசைக்கு அமாவாசை செத்தவர்கள் பேரைச் சொல்லி, ஆளுக்கு ஓர் உருண்டையாகக் காக்காய்க்குச் சோறு வைப்போம். தினமும் மதிலில் வைப்பது காக்காவுக்கு. அமாவாசையன்று வைப்பது செத்தவர்களுக்கு. காக்கா தின்றால் அவர்கள் தின்ற மாதிரி. அதைத்தான் அத்தை எடுத்தாள். "நான் சொல்றேன்னு கோவிக்காத. வருஷம் இம்புட்டு ஆச்சு. இனிமே அமாவாசைக்கு எந் தம்பிக்கு வைக்கையில பயலுக்கும் ஒரு உருண்டை வச்சிரு. ஆத்மா அலையக் கூடாதுல்ல."

அம்மா எழுந்து நின்றாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "வாயக் கழுவுங்க மதினி! எம் புள்ள உசுரோட இருக்கான். இந்தப் பேச்சு பேசுறதுன்னா இந்த வாசப்படி மிதிக்காதீக!" அத்தை அழுதுகொண்டே போனாள். எனக்கு உள்ளுக்குள் அம்மா மேல் அவ்வளவு பெருமை. அண்ணன் இருக்கிறான் என்று நம்ப நான் என்றைக்கோ மறந்துவிட்டிருந்தேன். அம்மா நம்பியதால்தான் அவன் இருந்தான். அவள் விட்டுவிட்டால் அவன் செத்துப்போவான் என்றே எனக்கு ஒரு பயம்.

மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு என் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா குளித்து, சமைத்து, அப்பா படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு இலையோடு வெளியே வந்தாள். வாழைக்காய், பூசணி, பருப்பு, பாயசம். மதிலில் இலையை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். பிள்ளைக்கு வேடிக்கை காட்டலாம் என்று பக்கத்தில் போனேன். இலையில் இரண்டு உருண்டை இருந்தது.

"இது யாருக்கும்மா?"

அதற்குள் காக்கா வந்துவிட்டது. முதல் உருண்டையைக் கொத்தியது. ஒரு கொத்து, இரண்டு கொத்து. பிறகு தத்தி அடுத்ததன் பக்கம் நகர்ந்து தலையைச் சாய்த்தது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "ச்சூ! போ! போ சனியனே!" என்று கத்திக்கொண்டு கையை வீசினேன். இடுப்பில் இருந்த பிள்ளை வீலென்று அழுதது. காக்கா எழும்பி முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது. உருண்டையை எடுத்துவிட நான் இலைக்குக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது. முகத்தில் அழுகை இல்லை.

"விடுத்தா" என்றாள். "உசுரோட இருந்தான்னா எங்கிட்டாச்சும் திங்கப் போறான், இதுனால அவனுக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது. இல்லேன்னா… எம் பிடிவாதத்துல இம்புட்டு வருசமா எம் புள்ள பசியோடல்ல கெடந்திருப்பான்."

நான் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.