இரண்டாம் எடைக்கான கட்டம்

எடை மேடையின் அறைக்கு ஒன்பது இரும்புப் படிகள். ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவள் மிச்சம் மூன்றையும் ஏறுவாள். பத்தொன்பது வருடங்களாக அந்த அறையில் உட்கார்ந்து லாரிகளை எடை போடுகிறாள். காலி லாரிக்கு ஒரு எடை, சரக்கோடு ஒரு எடை. சீட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியதும் கிழித்துக் கொடுத்துவிட்டால் அந்த லாரியின் சங்கதி முடிந்தது. ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் டன் அக்கா. முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் சுருக்கென்றது, பிறகு அதுவும் இல்லை.

நாற்பத்து நான்காம் வயதில் அவள் எடை நூற்று இருபத்தொன்பது கிலோ. முழங்கால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், "இன்னும் ரெண்டு வருஷம்தான் அந்தப் படியெல்லாம் ஏறுவீங்க" என்றார். படி ஏறாவிட்டால் வேலை இல்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்கு அவள் சம்மதித்தது அந்த ஒன்பது படிகளுக்காகத்தான். அழகுக்காக என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் திருத்தப் போகவில்லை.

அறுவைக்கு முன் பதினைந்து நாள் திரவ ஆகாரம் மட்டும். ஈரல் சுருங்கினால்தான் உள்ளே கருவி விட இடம் கிடைக்குமாம். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்த அவள் கணவர், தானும் கூடவே பத்தியம் இருப்பதாகச் சொன்னார். மூன்றாம் நாள் அவள் அவருடைய கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல என்னங்க ரொட்டித் தூள்?"

"துணி வெட்டினேன்."

"வெண்ணெய் தடவின துணியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. புரதப் பொடி கரைத்த பாலைக் குடித்துவிட்டு கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது செவிலி ஐந்து மாத்திரைகளை வரிசையாக வைத்துக் காட்டினாள். "இனி சாப்பாட்டுல இருந்து சத்து சரியா சேராது. அதனால இதெல்லாம் ஆயுசுக்கும் போடணும். இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா போடக்கூடாது. நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க." அவள் தலையாட்டினாள்.

பதினான்கு மாதங்களில் கணவர் அவளுடைய சட்டைகளைப் பதினொரு முறை பிடித்துத் தைத்தார். எழுபத்தெட்டு கிலோவுக்கு வந்த அன்று அவள் ஒன்பது படிகளையும் நிற்காமல் ஏறினாள். வேறு யாரோ ஏறுவதைப் பார்ப்பது போல இருந்தது. ஒரு சீட்டை எடுத்து முதல் கட்டத்தில் 129, இரண்டாம் கட்டத்தில் 78 என்று எழுதிக் கிழித்து, வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். அந்த வாரம் மாத்திரை தீர்ந்தது. மறுபடி வாங்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று அவள் முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. இரண்டு கட்டமும் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

பதினாறு மாதம் கழித்து, ஒரு நல்ல வெயிலில், ஜல்லி லாரி ஓட்டுநர் கையில் ஒரு செருப்போடு படியேறி வந்தார்.

"டன் அக்கா, மேடையில இது ஒத்தையா நிக்குது. காலி எடையா, சரக்கு எடையா?"

அவள் குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுமையாக இருந்தது. பின் சக்கரம் மேடையில் ஏறிவிட்டதா என்று பார்க்க அவள் இறங்கிப் போய்த் திரும்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இரும்புத் தகட்டில் அந்த நேரத்தில் நாய்கூடக் கால் வைக்காது.

மாலையில் கணவர் அவள் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தார். குதிகாலில் பெரிய பொத்தான் அளவுக்குக் கொப்புளம்.

"வலிக்கலையா?"

"இல்ல."

குண்டூசி ஒன்றை எடுத்துப் பெருவிரலில் லேசாகக் குத்தினார். "இப்போ?"

"இப்போ என்ன?"

அவர் குண்டூசியை ஊசி குத்திவைக்கும் பஞ்சுத் திண்டில் திருப்பிச் செருகினார்.

மறுநாள் மருத்துவமனையில் அதே செவிலி. "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எடை சரியாயிடுச்சு."

"எடை சரியானா சத்தும் சரியாயிடுமா? உடம்புல இருந்த பி பன்னிரண்டு வைட்டமின் கையிருப்புல இவ்வளவு நாள் ஓட்டியிருக்கீங்க. இப்போ அது தீர்ந்து நரம்பு வாடிருச்சு."

"படி ஏறலாமா?"

"பார்த்து ஏறுங்க. போன உணர்ச்சி கொஞ்சம் வரும். எல்லாமே வரும்னு சொல்ல மாட்டேன்."

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டார்கள். கணவர் அவள் செருப்புகளுக்குப் பின்வார் வைத்துத் தைத்தார். படி எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாததால், ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். மறுபடியும் ஆறாவது படியில் நிற்கத் தொடங்கினாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

அலமாரிச் சீட்டை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினாள். முதல் கட்டத்தில் மாத்திரையை மீண்டும் தொடங்கிய தேதி. இரண்டாம் கட்டம் காலி.

"இதை எப்போ கிழிப்பே?" என்றார் கணவர்.

"இது கிழிக்கிற சீட்டு இல்லங்க."

நான்காம் மாதத்தில் ஒரு காலை, செருப்பைக் கழற்றி முதல் படியில் கால் வைத்துப் பார்த்தாள். இடது குதிகாலில் இரும்பு சில்லென்றது. வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. செருப்பை மாட்டி வாரை இழுத்துவிட்டு, படிகளைப் பார்த்தபடி ஏறினாள். எட்டு பத்துக்கு இரும்பு மாத்திரை. பத்து பத்துக்குக் கால்சியம். கீழே ஒரு லாரி ஒலி எழுப்பியது.