ஐந்தாம் வீட்டின் சிமெண்ட் பூச்சு

சுவரைக் கொத்திப் பார்த்த அன்று அப்பா இருந்தார், நான் இருந்தேன், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். அத்தை என்பது கூப்பிடும் முறைதான். அவர்கள் பலசரக்குக் கடைக்காரர்கள், எங்களுக்கு உறவில்லை. அம்மா திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். பூசிய கொத்தனாரும் இல்லை. அவருக்கு நான் சொல்லியனுப்பவில்லை.

கம்பம் ஊரில் எங்கள் தெருவில் மாடி வீடுகள் ஐந்து ஒரே தொடராக நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இரு வீட்டு உத்தரங்களும் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முகப்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. மாடி நெற்றியில் சுதையில் செய்த பூங்கொடி முதல் வீட்டில் கிளம்பி ஐந்தாம் வீடுவரை ஓடும். வெள்ளையடிப்பதென்றால் ஐந்து வீட்டாரும் பேசி ஒரே வாரத்தில் அடிப்பார்கள்.

ஐந்தாம் வீட்டை அப்பா வாங்கினார். ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிகளுக்கு ஒரே அச்சில் கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே முப்பது வருடம் உழைத்தவர்.

"அங்கனதான் நம்பரப் பாத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சோம். இங்கனயுமா? நம்ம வீடு தனியாத் தெரியணும்யா" என்றார்.

நான் அப்போதுதான் சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். யாரிடமும் கேட்காமல், சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசச் சொன்னேன். எங்கள் பங்குக் கொடியும் அதோடு போயிற்று.

"வரிசைப் பல்லுல ஒண்ணு மட்டும் கட்டுன பல்லாட்டம் இருக்கே தம்பி" என்று அத்தை சிரித்தார்.

"இன்ஜினியர் சொல்லிட்டாக, சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. என்னைத்தான் அப்படிச் சொன்னார்.

இரண்டு மழைக்காலம் போனது. அத்தை வீட்டுப் பக்கம் நடுச்சுவர் உப்பி உதிர்ந்தது. அவரும் மகளும் படுக்கும் கட்டிலுக்கு நேர்மேலே உத்தரத்தின் முனை இற்று, நாலு விரல்கடை இறங்கியது.

அன்று எங்கள் பக்கம் உளி வைத்ததும் சிமெண்ட் பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் ஊறிக் கிடந்தது. பழைய சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். வழியில்லாத ஈரம் அவர்கள் பக்கம் போயிருக்கிறது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

"கொத்தனாரு கலவையில ஏமாத்திட்டான் போல" என்றார் அப்பா. அத்தையும் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும்.

"இல்லப்பா. அவரு சுண்ணாம்பே போடுவோம்னாரு. நான்தான் கேக்கல."

அப்பா ஈரச் செங்கல்லில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அத்தையிடம் மட்டும் பேசினார்.

"உத்தரத்துக்கு நல்ல மரம் எங்கன கிடைக்கும் தங்கச்சி?"

"நடுச்சுவருண்ணே. பாதிப் பாதி போட்டுக்குவோம்."

"வேணாம். எம் மகன் செஞ்சது. நாந்தான் குடுக்கணும்."

மரம், இரு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சு, கூலி, அத்தையும் மகளும் வெளியே தங்கிய இரண்டு மாத வாடகை, எல்லாம் சேர்த்து அப்பா கொடுத்தது ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் ரூபாய்.