பி.எச்டி.யும் படிக்கமும்

நேற்று தம்பி மகள் போனில் கேட்டாள். "ஏனுங்க பெரியப்பா, எம்.எஸ்சி. முடிச்சா பி.எச்டி. சீட்டு சுலபமா கெடைக்குமுங்களா?" அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையோடு இந்தக் கேள்வியும் சேர்ந்ததும் எனக்குக் கோயமுத்தூர்ப் பேராசிரியர் ஒருவரின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஞாபகம் வந்தால் அன்றைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு அடங்குவதில்லை.

அப்போது நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் இருந்தேன். ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துச் சொல்வது வேலை. நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒரு கரண்டி எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட வேண்டும். துப்புவதற்கு இடுப்புயரப் பித்தளைப் படிக்கம், அடியில் சக்கரம் வைத்தது. காலால் தள்ளிக்கொண்டே போவோம். வீட்டில் ரசத்தையும் அப்படி உறிஞ்சி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்கோ தேயிலை ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை. கோயமுத்தூர் போய் அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். "வெறும் பி.எஸ்சி.யா? எம்.எஸ்சி.யோட வாப்பா, சேர்த்துக்கறேன்" என்றார். நம்பி வேலையை விட்டேன். ஸ்வெட்டருக்குள்ளேயே வளர்ந்த உடம்பு ரெண்டு வருஷம் சமவெளி வெயிலில் வெந்தது. முதல் வகுப்பில் தேறினேன்.

நேர்முகத் தேர்வில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நடுவில் தேநீர் வந்தது. பதற்றத்தில் நாக்கு பழைய வேலைக்குப் போய்விட்டது. 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, சுழற்றி, பக்கத்துக் குப்பைக்கூடையில் புளிச்சென்று துப்பினேன்.

"எம்.எஸ்சி. படிச்சு என்னப்பா, ஒரு டீ குடிக்கத் தெரியலையே!"

பேராசிரியர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். சீட்டு அவருடைய மைத்துனர் மகனுக்குப் போனது. அவனும் எம்.எஸ்சி.தான், ரெண்டாம் வகுப்பு.

திரும்பவும் அதே தரகு அலுவலகம். மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் மறக்கவில்லை.

ஓய்வுபெற்றபின் பேராசிரியர் மலையேறி வந்து சின்னதாக ஒரு தேயிலை ஃபேக்டரி வாங்கினார். ஒருநாள் தன் சரக்கோடு எங்கள் அறைக்கே வந்து நின்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். படிக்கத்தை அவர் காலடிவரை தள்ளிக்கொண்டு போனேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக உறிஞ்சியதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே துப்பினேன்.

"புகை ஏறியிருக்குதுங்க. டிரையர்ல ஓட்டை."

"ஒரு வாய்ல எப்படிங்க சொல்றீங்க?"

"எம்.எஸ்சி. படிச்சவனுங்க. டீ குடிக்கத் தெரியலைன்னு நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க."

அவர் முகம் செத்துப்போனது. தேயிலையில் நிஜமாகவே புகை இருந்தது என் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் துப்பியிருப்பேன், அதுதானே வேலை! அன்று வீட்டுக்குப் போய் ரெண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

இப்போது ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. எங்கள் அலுவலகம் துணிக்கடையாகிவிட்டது. படிக்கத்தில் ஒரு லாட்ஜ்காரர் பூச்செடி வைத்திருக்கிறார். பேராசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பெரியப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு. எம்.எஸ்சி. படி. இன்டர்வியூல டீ குடுத்தா மட்டும் வேண்டாம்னு சொல்லிரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியருடைய இரங்கல் போஸ்டரிலும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குப் போஸ்டர் அடித்தால் 'திரு' என்றுதான் போடுவார்கள்.