வீட்டில் பொரித்த சேவல்

என் மாமியார் வேண்டிக்கொண்டது ஒரு சேவல். அதுவும் கடையில் வாங்கினது ஆகாது.

"உங்க குலசாமிக்கு உங்க ஊட்டுல முட்டைய ஒடச்சிக்கிட்டு வெளிய வந்த சேவலா இருக்கணும் மாப்ள. அப்பத்தான் செல்லும். எம் பொண்ணு பொழச்சிப்பா."

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். உள்ளே என் மனைவிக்கு முதல் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லி முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேண்டுவதுதான் வேண்டினார், ஒரு சூடம் ஏற்றுகிறேன், மொட்டை போடுகிறேன் என்று தன் கையால் ஆகிற காரியமாக வேண்டக் கூடாதா? பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

2010ஆம் வருஷம் அது. எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா வேலை. மைதானத்துக்குப் பின்னால் வாடகை வீடு, கொல்லையில் கொஞ்சம் இடம். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் என்றானதும் மனைவி சிதம்பரத்தில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் சனி, ஞாயிறு போய்வருவேன். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் போன்.

"அம்மா மனசுக்கோசரம் ஒரு கோழி வளத்தா உங்களுக்கு என்னா கொறஞ்சா பூடும் மாமா?" என்று அந்தப் போனில்தான் கேட்டாள். என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை அவள். அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகிற ரோட்டில் ஒரு அம்மா சின்னதாகக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, உள்ளே பீரோ மாதிரி இரண்டு மெஷின். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். முட்டை வேண்டும், அதில் சேவல் வர வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முட்டைல ஆணா பொண்ணான்னு யாரு சார் சொல்ல முடியும்? ஸ்கேனா எடுக்க முடியும்? பதினொண்ணு வாங்கிட்டுப் போங்க. ஏதாச்சும் ஒண்ணு வரும்."

ஒரு தெர்மாகோல் பெட்டியும் கொடுத்தார். உள்ளே ஒரு பல்பு, ஒரு தெர்மாமீட்டர். இருபத்தோரு நாள், தினம் மூன்று தடவை முட்டையைத் திருப்பிவைக்க வேண்டும், சூடு இறங்கவே கூடாது என்றார். பஸ்ஸில் கடலூர் வரைக்கும் முட்டைகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன பலகாரம் சார் என்று கேட்டார்.

சூடு இறங்கக் கூடாது என்பது சொல்வதற்குச் சுலபம். மின்சாரம் தினமும் போய்க்கொண்டிருந்த காலம் அது. போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து, வெந்நீர் போட்டு, பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைப்பேன். சாயங்காலம் அவள் முதலில் கேட்பது, "இன்னிக்கு எத்தினியாவது நாள்?" என்றுதான். தன் உடம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டாள்.

இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் ஒரு முட்டையை உடைத்தேன். குஞ்சு முழுசாக இருந்தது. அலகு, நகம், ஈரமான முடி எல்லாம் இருந்தது. உயிர் மட்டும் இல்லை. பதினொன்றையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது மச்சினன் போன் செய்தான். டயாலிசிஸுக்காக அவள் கையில் ஆபரேஷன் செய்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம், கழுத்தில் குழாய் போடப்போகிறார்களாம்.

சாமி, சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன் நான். ஆபீசில் அதற்காகவே வம்புக்கு நிற்பேன். அன்றைக்கு அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, இல்லை என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

மறுபடியும் கிள்ளை ரோடு, மறுபடியும் பதினொரு முட்டை. பெட்டியை நம்புவதில்லை என்று முடிவுசெய்து, அடுத்த தெருவில் ஒரு அடைக்கோழியை இரவல் கேட்டு வாங்கினேன். கூடையில் தவிடு பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, இடிச்சத்தத்தில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, கண்ணேறு படாமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய் வைக்க வேண்டும் என்று மாமியார் போனில் சொன்னார். முன்பு என்றால் சிரித்திருப்பேன். ஆணி சின்னதாக இருக்கிறதே என்று ஒரு பழைய தாழ்ப்பாளையும் சேர்த்து வைத்தேன்.

நாலு குஞ்சு வந்தது. போனில் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். ஒரு வாரத்துக்குள் காக்கை ஒன்றைத் தூக்கியது. வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டு இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும் சிதம்பரத்துக்குப் போன் போட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். செத்ததைச் சொல்லமாட்டேன். நாலும் நல்லா இருக்கு, நல்லா தின்னுது என்பேன்.

மிஞ்சிய ஒன்று செம்பழுப்பு நிறம். அதை நான் வளர்த்த மாதிரி யாரும் பிள்ளையைக்கூட வளர்க்கமாட்டார்கள். மூங்கில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி மேலே கல் வைப்பேன். ஆபீஸ் போகும்போது உள்ரூமில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். "கொண்ட வருதா மாமா?" என்று கேட்பாள். "ஒண்ணு சேவல்தான், சந்தேகமே இல்ல, செவப்பா கொண்ட எழும்புது பாரு" என்பேன். கொண்டை எழும்பவில்லை. பட்டாணி அளவுக்கு வெளிறிப்போய் அப்படியே நின்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மூன்றாவது மாசம் ஒரு சனிக்கிழமை அதைக் கட்டைப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோனேன்.

அந்த அம்மா கழுத்து முடியை விரலால் கோதிப் பார்த்தார். "பொட்ட சார் இது. சேவலுக்குக் கழுத்து முடி கூரா வரும். இதுக்குப் பாருங்க, உருண்டையா இருக்கு."

கத்தினேன். என்ன முட்டை கொடுத்தீங்க, ஏமாத்துறீங்களா, ஒரு உசுரு இதுல தொங்கிக்கிட்டு இருக்கு தெரியுமா என்று ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். அவர் உள்ளே போய் வாட்டசாட்டமான ஒரு சேவலைத் தூக்கிவந்தார். "இதை எடுத்துட்டுப் போங்க சார். உங்க ஊட்டுல பொரிச்சதுன்னு சொல்லிக்குங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

கையை நீட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கோ சாமியே கிடையாது. நியாயமாகப் பார்த்தால் அந்தச் சேவலை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. பெட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே மாமியார் வீட்டுக்குப் போனேன்.

அவள் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து, கால் வீங்கியிருந்தது. பைக்குள் கை விட்டுக் கோழியின் முதுகைத் தடவினாள்.

"பொட்ட," என்றாள். "எனக்கு எப்பவோ தெரியும் மாமா. வளருதுன்னீங்க, தின்னுதுன்னீங்க, ஒருநாளாச்சும் இன்னொரு கோழியோட சண்ட போட்டுச்சுன்னு சொன்னீங்களா?"

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா சொன்னீங்க. எப்பிடிச் சொல்றது?"

நான் கோழியைப் பையிலிருந்து எடுத்துக் கீழே விட்டேன். அவள்தான் மேற்கொண்டு பேசினாள். "இது முட்ட வைக்கட்டும். நானே அடை வைக்கிறேன். அதுல வரட்டும் சேவலு. அதுவும் நம்ம ஊட்டுல பொரிச்சதுதான?"

"இது முட்ட வைக்கவே இன்னும் மூணு மாசம் ஆவும்டி."

"அதுக்குள்ள நான் எங்க பூடப்போறேன்?"

கோழியைத் திரும்பக் கொண்டுவந்து, கொல்லையில் அடுத்த தெருச் சேவல்களோடு மேயவிட்டேன். கார்த்திகை கடைசியில் அது முட்டை வைக்க ஆரம்பித்தது. எல்லோரும் சொல்லியும் கேட்காமல் அவள் மஞ்சக்குப்பம் வந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டும். வரும்போது என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வேண்டாம், அம்மா வீட்டிலேயே இரு என்று நான் கண்டித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் கையால் வைத்தால் பொரிக்கும், பொரித்தால் பிழைப்பாள் என்று அதற்குள் நான் மாமியாரைவிட மோசமாக நம்ப ஆரம்பித்திருந்தேன். அந்த அலைச்சல்தான் அவளைக் கொன்றதோ என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

கோழி அடைக்கு உட்கார்ந்ததும் ஒன்பது முட்டைகளை அவளே எடுத்து வைத்தாள். ஆணி, கரி, மிளகாய் எல்லாம் வைத்தாள். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மாமா, சாமி கதவ சாத்திக்கவா?" என்று சிரித்தாள். நான் அதை எடுத்துத் தூரப் போட்டேன்.

அடை வைத்த பதினாறாம் நாள், டயாலிசிஸ் பாதியில் அவளுக்கு இதயம் நின்றுவிட்டது. நான் வராந்தாவில், முதல்நாள் நின்ற அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். அத்தனை அழுகைச் சத்தத்திலும் கோழி கூடையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவள் போன ஐந்தாம் நாள் காலையில் குஞ்சுச் சத்தம் கேட்டது. ஒன்பதும் பொரித்திருந்தது. மாமியார் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, "இப்ப எதுக்கு வந்தீங்க, இப்ப எதுக்கு வந்தீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் போய்த் தூக்கிவிட்டேன். அந்தப் பத்து மாசத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வராத முதல் நாள் அது.

ஒன்றுகூடச் சாகவில்லை. நான் எதையும் பஞ்சாரத்தில் போட்டு மூடவும் இல்லை, கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விடவும் இல்லை. காக்கையும் அவற்றைச் சீண்டவில்லை. ஒன்பதில் ஆறு சேவல். கொண்டை எழும்பி, கழுத்து முடி கூராகி, ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்தன.

சித்திரையில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று முதல்முதலாகக் கூவியது. குரல் உடைந்து, பாதியில் விக்கி நின்றது. நான் செருப்பைக் கழற்றி வீசினேன். படவில்லை. அது கொல்லைச் சுவர்மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, இந்தத் தடவை முழுசாகக் கூவியது.