கார் நிக்கோபாரில் என் கரும்பூச்சு

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய காலையிலேயே எனக்கு வயிற்றெரிச்சல். கடலால் அல்ல, பெங்களூரில் ஒரு ஜெர்மானியர் சிரித்த சிரிப்பால். மூன்று தேசங்கள் சேர்ந்து ஒரு சண்டை விமானம் கட்டுகிறோம். வடிவம் ஜெர்மானியர் போட்டது, எஞ்சின் எகிப்தில் தயாராகிறது, உடம்பு நம் கையில். அடுத்து வரும் விமானம் ராடார் கண்ணில் எளிதில் படக்கூடாது என்று, அதன்மேல் அடிக்க ஒரு கரும்பூச்சு தேடினோம். அவர்கள் ஒன்று செய்தார்கள். மண்டையை உடைத்துக்கொண்டு நானும் ஒன்று செய்தேன். "இரும்புத்தூள் கலந்திருக்கிறாய், கடல் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது" என்று சிரித்தார் அந்த மனுஷர். பார்த்துவிடுவோம் என்றேன். இரண்டு பூச்சையும் தகடுகளில் அடித்து, கார் நிக்கோபார் கடற்கரையில் உப்புக்கும் வெயிலுக்கும் விட்டு ஒரு வருஷமாகிறது. எது தாங்கியதோ அதுதான் விமானத்தில் ஏறும். அதைப் பார்க்கத்தான் போகிறேன்.

போர்ட் பிளேர் வரை ஏறக்குறைய எழுநூற்று நாற்பது மைல். பங்க் கிளாஸில் மேல் படுக்கை. கீழே என் தகரப்பெட்டி. சோதனையை நீட்டச் சொன்னால் இருக்கட்டும் என்று இரண்டு பூச்சிலும் மாற்றுத் தகடுகள் அதில் வைத்திருந்தேன். தூக்கிய போர்ட்டர் "உள்ளே கல்லா சார்?" என்று கேட்டான்.

நான்காம் நாள் காலை போர்ட் பிளேர். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் ஒரு தமிழ்க் காண்ட்ராக்டர் வீட்டில் மீன் குழம்பும் சோறும். "கார் நிக்கோபாரா? பாஸ் இல்லாம இறக்க மாட்டாங்க, மாலூம் ஹை நா?" என்று அவர் மனைவி தமிழையும் இந்தியையும் பிசைந்து எச்சரித்தார். தீவில் இறங்கும் அனுமதிப் பாஸ் என்னிடம் இருந்தது. மறுநாள் சின்னக் கப்பலில் இன்னும் நூற்று அறுபது மைல் தெற்கே.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் கரைக்குத் தள்ளியே நின்றுவிட்டது. பெட்டியோடு படகில் இறங்கினேன். கரையில் விமானப்படையின் இளம் ஆபீசர் ஒருவர், மதுரைக்காரர், ஜீப்போடு காத்திருந்தார். பக்கத்தில் தகடுகளுக்குக் காவல்காரர் சவரிமுத்து. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஓடுபாதை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

தென்னைகளைத் தாண்டி, அலை தெறிக்கிற இடத்தில் மரச்சட்டம். தகடுகளைப் பார்த்ததும் கத்திவிட்டேன். ஒரு பொட்டுத் துரு இல்லை! அவர்களுடையதும் மின்னியது, என்னுடையதும் மின்னியது. சமம் என்றால் நம் பூச்சே ஏறும் என்பது பேச்சு. ஜெர்மானியரின் முகத்தை நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

"எப்படி சார், நல்லா இருக்கா?" என்றார் சவரிமுத்து, பெருமையாக.

தகட்டைத் தடவினேன். வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்!

"ஐயோ, என்னய்யா செஞ்சீங்க?"

"பத்திரமா பாத்துக்கோன்னு ஆர்டர் சார். தினம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சிருக்கேன். கடக்கரையில இரும்ப சும்மா விடலாமா? எங்க வீட்டு நங்கூரத்தக்கூட அப்படி விட மாட்டோம்."

உப்பே ஒட்டாத தகட்டில் என்ன சோதனை? மின்னவே கூடாத பூச்சு அது. சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

ஆபீசர் என்னைத் தனியே இழுத்தார். "பேசாம பாஸ்னு எழுதி அனுப்பிடுங்க சார். உங்க பூச்சு ஜெயிச்சுடும். யாருக்குத் தெரியப்போகுது? இந்த ஆள நான் இன்னைக்கே தூக்கிடறேன்."

ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஜெர்மானியரின் சிரிப்பு காதில் விழுந்துகொண்டே இருந்தது. எண்ணெய் தடவி ஜெயித்தால் அவர் சிரித்தது சரி என்று ஆகிவிடாதா?

"இந்தச் சோதனை செல்லாதுன்னு இன்னைக்கே தந்தி போகும். புதுத் தகடு வைக்கிறேன், இன்னொரு வருஷம். காவலுக்கு இவரேதான் இருப்பார். இவரை எடுத்தீங்கன்னா நான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆபீசர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

மதியம் வரை நானும் சவரிமுத்துவும் புதுத் தகடுகளை அடித்தோம். அலை நேரே மோதுகிற முன்வரிசை முழுக்க என் பூச்சு, ஜெர்மானியருடையது பின்னால். பாவம், அவர்களுக்குச் சலுகை.

"துரு ஏறுறத பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதீயளா சார்?"

"ஆமா. தொடவே கூடாது."

அவர் முகம் செத்துப்போனது. இரண்டாம் நாள் நான் படகில் ஏறும்போது அரைப் போத்தல் எண்ணெயை என் கையில் திணித்தார். "இத நீங்களே கொண்டு போயிருங்க. பக்கத்துல இருந்தா கை கேக்காது."

படகு நகர்ந்தது. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு அவர் சட்டத்தருகே நின்றார். ஒரு பெரிய அலை தகடுகளில் அடித்துச் சிதறியது. பெங்களூரில் கண்ணாடி அறைக்குள் அந்தப் பூச்சைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இங்கே அது நனைந்துகொண்டிருந்தது. நனையட்டும். துருப்பிடிக்காவிட்டால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வேன். பிடித்தால் அது என் துரு. அதையும் நானே சுரண்டி எடுத்துவிட்டு இன்னொன்று செய்வேன்.