வீடு சேர நாற்பத்தைந்து சதவீதம்

நாற்பத்தைந்து. ஜோசபினின் மாலைப்பொழுதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. புனே அருகே ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து காரில் ஏறும்போது பேட்டரியில் நாற்பத்தைந்து சதவீதம் இருந்தால், வீடு இருக்கும் சாங்வி வரை நிற்காமல் வந்துவிடலாம். குறைந்தால் வழியில் வாகோலியில் சார்ஜருக்காக வரிசையில் நிற்க வேண்டும். இந்த மே மாதத்தில் முதல் இரண்டு வாரமும் நின்றார்.

ஜோசபினுக்கு முப்பத்தொன்பது வயது. வாஷிங் மெஷின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில் வேலை. சாங்விப் பக்கம் ஆள் குறைந்துவிட்டது என்று கம்பெனி பஸ்ஸை நிறுத்தியபோது, பலர் பவார் என்பவரின் வேனுக்கு மாறினார்கள். பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபது பேர். ஒரு வாரம் நின்றுகொண்டே போய் வந்த ஜோசபின், டாக்சியாக ஓடிய ஒரு பழைய எலெக்ட்ரிக் காரை வாங்கினார். கூட வேலை செய்யும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார். செலவை நான்காகப் பிரித்தார்கள். தனியாக அந்தக் காரை ஓட்ட அவர் சம்பளம் தாங்காது. மூன்று பேரும் இருக்கும்வரைதான் கார்.

குளிர்காலம் முழுக்கக் கணக்கு சரியாக இருந்தது. காலையில் நூறு. ரஞ்சன்காவ் சேரும்போது ஐம்பத்தேழு. மாலையில் அதே ஐம்பத்தேழு. ஏப்ரல் வெயில் ஏறியதும் கதை மாறியது. காலையில் ஐம்பத்தேழில் நிறுத்திய கார், மாலையில் நாற்பத்து நாலு காட்டியது. நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த கார்.

"உன் வண்டி தண்ணியடிக்குது ஜோசபின்," என்றார் தமிழரசி. முன்சீட்டு அவருடையது, வயதிலும் வாயிலும் மூத்தவர். "நம்ம உள்ள போனதும் எங்கேயோ போய் ஊத்திக்கிட்டு வருது."

சர்வீஸ் சென்டரில் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார்கள். ஜோசபின் நம்பவில்லை. வாகோலி சார்ஜரின் ஆப் தினமும் ஒரு ரசீது அனுப்பியது. அங்கே இருபது நிமிடத்துக்குக் கொடுப்பது, வீட்டில் பாதி ராத்திரி சார்ஜ் செய்ய ஆகும் தொகை. அதை மற்றவர்களிடம் கேட்க மனம் வராமல் அவரே கட்டினார். அதைவிடப் பெரிய செலவு நேரம். வரிசையும் சேர்த்து முக்கால் மணி நேரம் போய்விடும்.

பின்சீட்டில் வைஷு. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று வயது மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறாள். காப்பகம் ஏழரைக்கு மூடும். புதன்கிழமை அவள் சொல்லிவிட்டாள்.

"அக்கா, டெய்லி அந்த மேடம் போன் பண்ணி திட்டறாங்க. பையன் கேட் கிட்ட செருப்பு போட்டுட்டு நிக்கிறான். நான் க்யா கரூ, என்ன பண்றது? பவார் சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்கறாரு."

"வைஷு போனா நானும் போவேன்," என்றாள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சோனியா, கண்ணைத் திறக்காமலேயே.

தமிழரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் ஜோசபினுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை ஒரு அதிசயம். மாலையில் ஐம்பத்தேழு. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஏழு மணிக்கு முன்பே சாங்வி.

"இன்னைக்கு வியாழக்கிழமை, குருவார்ல," என்றார் தமிழரசி. "வண்டி உபவாசம் இருந்திருக்கு. ஒண்ணும் சாப்பிடல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசபின் வீட்டுக்கு வந்ததும் காரின் ஆப்பைத் திறந்து உட்கார்ந்தார். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். அதனால் பகலில் கார் என்ன செய்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. மாலை எண்ணை மட்டுமே பார்த்து வந்தார். இப்போது முந்தைய நாட்களின் பேட்டரி அளவைக் காட்டும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு சரிவாக இறங்கவில்லை. படிப்படியாக இறங்கியது. மணிக்கு ஒரு படி. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சமதளம். மூன்றுக்கு மறுபடி ஒரு படி. எல்லா நாளும் அப்படித்தான். வியாழன் மட்டும் தரைபோல் நேராக இருந்தது.

"பேட்டரி கெட்டுப்போனா இப்படி மணி பாத்தா கெடும்?" என்று கணவர் கிறிஸ்டோபரிடம் காட்டினார்.

"மதியம் லஞ்ச் பிரேக் வேற எடுக்குது," என்றார் கிறிஸ்டோபர்.

அன்று இரவு சாங்வியில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. வெள்ளிக்கிழமை காலை கார் தொண்ணூற்று மூன்றில் கிளம்பி, ஐம்பதில் ரஞ்சன்காவ் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஜோசபின் கேன்டீனுக்குப் போகவில்லை. லாக்கரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு கார் நிற்கும் மைதானத்துக்கு நடந்தார். மரமில்லாத மைதானம். தார் இளகி செருப்பில் ஒட்டியது.

கார் பூட்டித்தான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் மெல்லிய இரைச்சல் கேட்டது. அடியில் தண்ணீர் சொட்டியிருந்தது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில் யாரும் இல்லாத காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சாவி அவர் பையில். சாவி இல்லாமல் ஏசியைப் போட ஆப் இருந்தால் போதும். அவர் போனில் ஆப் இருக்கிறது. கிறிஸ்டோபர் அதைத் தன் போனில் இறக்கவே இல்லை. இன்னொரு போனில் இருக்கிறது. கார் வாங்கிய புதிதில் ஜோசபினின் மாமனார் சேவியர், "எங்க வர்றே, எங்க வர்றே" என்று அரை மணிக்கொரு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி எங்கே வருகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜோசபின்தான் அவர் போனில் ஆப்பைப் போட்டுக்கொடுத்தார்.

அங்கேயே நின்று கூப்பிட்டார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"வீட்லதான்மா. கண்ணு இன்னைக்கு தேவல. சாப்பிட்டியா?"

"வண்டில ஏசி ஓடுது. யார் போட்டா?"

"நான்தான்." குரலில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. "நாப்பத்தாறு டிகிரி காட்டுச்சும்மா! எங்க கிடங்குல முப்பது தாண்டுனாலே நாங்க ஓடுவோம். இதுல உள்ள பேட்டரி வேற இருக்கு. சாயங்காலம் நாலு பொம்பளைங்க உக்காரப் போறீங்க."

சேவியர் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். மருந்து வைக்கும் கிடங்கில் மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்ப்பது அவர் பொறுப்பு. சூடு ஏறினால் குளிர்விக்க வேண்டும், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தார். அப்போதுதான் கையில் ஒரு திரை வந்தது. அதில் காரின் படம், பக்கத்தில் ஒரு டிகிரி எண், கீழே ஏசி பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் பத்து நிமிடம் ஓடும்.

"தினமுமா மாமா?"

"மணிக்கு ஒரு தடவை. மத்தியானம் சாப்பிட்டு கண்ணசந்துடுறேன், அதான் விட்டுப்போகுது. நேத்து கண்ணாஸ்பத்திரில மருந்து ஊத்திட்டான், போனே தெரியல. நாள் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன். கர்த்தர் காப்பாத்துனார்."

பேட்டரி சரியில்லை என்று ஜோசபின் வீட்டில் புலம்பப் புலம்ப, அவர் இன்னும் கவனமாகக் குளிர்வித்திருக்கிறார்.

"அந்தச் சூடு சீட்டோட சூடு மாமா. பேட்டரி அடியில தனியா இருக்கு. அதுக்குச் சூடு ஏறினா வண்டியே பாத்துக்கும்."



"அப்ப ஒரு மாசமா உன் கரண்டை நான்தான் தின்னுக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா மாமா."

"வாகோலில நின்னதெல்லாம்?"

"அதுவும்தான்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு?" என்று சொல்லும்போதே ஜோசபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் காரின் பேட்டரி அளவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்து நாலு.

மாலையிலும் அதே நாற்பத்து நாலுதான். கார் கதவைத் திறக்கும் முன்பே ஜோசபின் மூன்று பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். சோனியா விழுந்து விழுந்து சிரித்தாள். வைஷு சிரிக்கவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு இருக்கு அக்கா?"

"ஒண்ணு கம்மி. வாகோலில பத்து நிமிஷம் போட்டாப் போதும்."

"வெள்ளிக்கிழமை வாகோலில பத்து நிமிஷமா?" என்றார் தமிழரசி. "வரிசையில நிக்கவே அரை மணி ஆகும். ஏசி இல்லாமப் போனா?"

"போயிடும். ஆனா வெந்துடுவோம்."

வைஷு முதலில் ஏறினாள். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். "வேன்ல வேகலையா? சலோ."

நான்கு கண்ணாடிகளும் இறங்கின. ஷிக்ராபூர் தாண்டும்போது முப்பது. லாரிப் புகையில் தமிழரசி துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சேவியரைக் கிடங்குக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். வாகோலி சார்ஜர் முன்னால் ஐந்து கார்கள் நின்றன. ஜோசபின் வேகத்தைக் குறைத்தார்.

"பாக்காதீங்க அக்கா, போங்க," என்றாள் வைஷு.

பதினைந்தில் கார் ஒரு எச்சரிக்கை ஒலி எழுப்பியது. பத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு யாரும் ஜோக் அடிக்கவில்லை. காப்பகத்தின் முன் நின்றபோது ஏழே கால், பேட்டரியில் ஏழு. பையனுக்கு இன்னும் செருப்பு மாட்டியிருக்கவில்லை.

அடுக்ககத்தின் கீழே சேவியர் நின்றுகொண்டிருந்தார். வண்டி வருவதை ஆப்பில் பார்த்து இறங்கி வந்திருந்தார், சார்ஜர் கம்பியைக் கையில் பிடித்தபடி.

"எவ்வளவு?"

"ஆறு."

"இங்க பாரு, எவ்வளவு சூடா இருக்கு," என்று பானெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, கம்பியைச் செருகினார்.

அவர் போனில் வரைபடத்தை மட்டும் விட்டுவிட்டு, ஏசி பொத்தானை ஜோசபின் முடக்கிவைத்தார். டிகிரி எண்ணையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டார் சேவியர். விட்டுவைத்தார்.

சனிக்கிழமை பவாரிடம் யாரும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு நான்கு பேரும் கிளம்புகிறார்கள்.